பின்புறம் தாழ்ந்து மிதக்கும் சிறு பாய்மரப் படகு: ஆளை நகர்த்துவதா, பொருளை நகர்த்துவதா, எதிர்பாரம் ஏற்றுவதா, மோட்டாரை மாற்றுவதா?

இருபது முதல் இருபத்தைந்து அடி நீளமும் உள்ளே படுக்கச் சிறு அறையும் கொண்ட பாய்மரப் படகைப் பழைய படகாக வாங்குகிறவர்கள், முதல் பருவம் முடிவதற்குள் கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. துறையில் கட்டி நிறுத்தியிருக்கும்போதே பின்பலகை தண்ணீரில் அமிழ்ந்திருக்கிறது. படகின் முன்முனையான அணியம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மூன்று பேர் ஏறி உட்கார்ந்தால், ஆட்கள் உட்காரும் திறந்த பள்ளமான காக்பிட்டிலிருந்து தண்ணீர் வெளியேற வேண்டிய வடிகால் துளை வழியாகவே தண்ணீர் உள்ளே வந்து காலை நனைக்கிறது. பக்கத்துப் படகுக்காரர் அணியத்தில் மணல்மூட்டை வைக்கச் சொல்கிறார். கடைக்காரர் எடை குறைந்த மோட்டார் வாங்கச் சொல்கிறார். பந்தயத்தில் ஓட்டிப் பழகிய நண்பரோ, ஆட்களை முன்னால் உட்கார வைத்தாலே போதும் என்கிறார். மூவர் சொல்வதும் ஏதோ ஒரு நிலைமைக்குப் பொருந்துவதுதான். உங்கள் நிலைமைக்கு எது பொருந்தும் என்பதே கேள்வி.

எடுத்துக்காட்டாக ஒரே படகை வைத்துக்கொண்டு பேசினால் தெளிவாக இருக்கும். ஃபிராங்க் பட்லர் வடிவமைப்பில் 1969 முதல் கலிபோர்னியாவில் கட்டப்பட்டு, பதினைந்தாயிரத்துக்கும் மேல் விற்ற கேட்டலினா 22 என்ற படகை எடுத்துக்கொள்கிறேன். வட அமெரிக்க ஏரிகளில் இந்தப் படகைக் காணாமல் ஒரு துறையைக் கடப்பது அரிது. மொத்த நீளம் 21.5 அடி, தண்ணீரில் படியும் நீளம் ஏறக்குறைய 5.9 மீட்டர், வெற்றுப் படகின் எடை சுமார் ஒரு டன். காக்பிட் பின்பாதியில் இருக்கிறது, மோட்டார் பின்பலகைக்கும் வெளியே தொங்குகிறது. அதாவது ஆட்கள், மோட்டார், பெட்ரோல், பெரும்பாலும் பேட்டரியும் சேர்த்து எல்லாமே ஒரே திசையில் அழுத்துகின்றன. இந்த அளவிலான மற்றப் படகுகளும் பெரும்பாலும் இப்படித்தான்.

## முன்னும் பின்னும் தாழ்ந்தால் என்ன ஆகிறது

பின்புறம் தாழ்ந்தால் முதலில் காதுக்குத்தான் தெரியும். மெல்லிய காற்றில் பின்பலகைக்குப் பின்னால் தண்ணீர் களகளவென்று குமிழியிட்டுச் சுழன்றுகொண்டே வரும். படகைக் கடந்துவந்த நீர் பின்விளிம்பில் சீராக விலகிப் போகாமல் பலகையோடு ஒட்டி இழுபடுவதால் வரும் ஓசை அது. மெதுவாகப் போகும் படகுக்கு அந்த இழுப்பு பெரிய சுமை. அணியம் தண்ணீரில் போதிய ஆழம் படியாததால், காற்றுக்கு எதிராகத் திசை மாற்றித் திருப்பும்போது ஓர் அலை வந்து அணியத்தை ஒதுக்கித் தள்ளிவிடும். படகு பாதித் திருப்பத்தில் நின்றுவிடும்.

மறுபக்கத் தவறு இதைவிட ஆபத்தானது. அணியம் மிகத் தாழ்ந்தால் சுக்கானின் ஒரு பகுதி தண்ணீருக்கு மேலே வந்துவிடுகிறது. படகு பக்கவாட்டில் தள்ளப்படாமல் தண்ணீர் எதிர்த்து நிற்கும் இடம், அதாவது பக்கவாட்டு எதிர்ப்பின் மையம், முன்னே நகர்வதால் படகு ஓயாமல் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். பலத்த காற்றைப் பின்னால் வாங்கி ஓடும்போது, ஓர் அலையின் முதுகில் ஏறி இறங்குகையில் சுக்கான் பிடி இழந்தால், படகு நம் கையை மீறிப் பக்கவாட்டில் சுழன்று சாய்ந்துவிடும். ஆகவே துறையில் நிற்கும்போது அணியம் கொஞ்சமும் தாழ்ந்திருக்கக் கூடாது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: பின்புறம் அகலமான படகுகள் காற்றில் சாயும்போது, அந்த அகலமே பின்புறத்தைத் தூக்கி அணியத்தைச் சற்று அழுத்திவிடும். துறையில் நூல் பிடித்தாற்போல் மட்டமாக நிற்கும் படகு, சாய்ந்து ஓடும்போதும் மட்டமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், ஒரு மாற்றம் எத்தனை சென்டிமீட்டர் தருகிறது என்பது. மிதக்கும் படகு, தன் நடுவுக்குச் சற்றுப் பின்னால் உள்ள ஒரு புள்ளியைச் சுற்றித் தராசுத்தண்டு போல ஏறி இறங்குகிறது. எடையை அந்தப் புள்ளியிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன். மேலே சொன்ன அளவுள்ள படகுக்கு நான் போட்ட தோராயக் கணக்கில், 30 கிலோகிராம்-மீட்டர் திருப்புத்திறன் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையே மொத்தம் ஒரு சென்டிமீட்டர் வேறுபாட்டை உண்டாக்குகிறது. கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு 80 கிலோவுக்கும் படகு முழுவதும் ஒரு சென்டிமீட்டர் அமிழ்கிறது. உங்கள் படகின் அடிவடிவத்தைப் பொறுத்து இவை கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் எது பெரியது, எது சிறியது என்ற வரிசை மாறாது.

இரண்டாவது, அந்த மாற்றம் எல்லா நிலைமையிலும் உதவுகிறதா என்பது. மெல்லிய காற்று, பலத்த காற்று, மோட்டாரில் ஓடுவது, நங்கூரத்தில் நிற்பது ஆகிய நான்கும் நான்கு வேறு தேவைகள்.

மூன்றாவது அளவுகோலைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். படகு அலையில் முன்னும் பின்னும் ஆடுவதற்குக் காட்டும் தயக்கம், எடையைத் தூரத்தால் பெருக்கினால் வருவதில்லை. தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. நடுவிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கும் 20 கிலோவை மூன்று மீட்டருக்குத் தள்ளி வைத்தால், திருப்புத்திறன் மூன்று மடங்குதான் ஆகிறது. அந்தத் தயக்கத்தின் அளவான நிலைமத் திருப்புத்திறனோ ஒன்பது மடங்காகிறது. இரு முனையிலும் கனமான படகு, ஒவ்வோர் அலையிலும் ஏறத் தாமதித்து, பின் தாமதமாகவே இறங்கி, அடுத்த அலைக்குள் முகத்தைப் புதைக்கும்.

மீதி மூன்றும் விளக்கம் தேவைப்படாதவை: பாதுகாப்பு, செலவு, வேண்டாமென்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடிகிறதா என்பது.

## முதலில் அளந்துவிடுங்கள்

எந்த வழியைத் தேர்வதாக இருந்தாலும் அரைமணி நேரம் அளப்பதற்குச் செலவிடலாம். காற்றடிக்காத காலையில், அணியத்தின் முன்விளிம்பில் ஒன்றும் பின்பலகையின் நடுவில் ஒன்றுமாக மாஸ்கிங் டேப்பை நெட்டுக்குத்தாக ஒட்டி, சென்டிமீட்டருக்கு ஒரு கோடு பேனாவால் கிழித்துவிட வேண்டும். தண்ணீர் கோடுகளின் மேல் ஏறி இறங்கிக்கொண்டேயிருக்கும். நாலைந்து மூச்சு நேரம் பார்த்து, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவை எடுத்துக்கொள்வது வழக்கம். பின்பலகைக் கோட்டைப் படகின் பின்புறத்தில் நின்று குனிந்து பார்க்காதீர்கள். 75 கிலோ ஆள் அங்கே நின்றால், அவராலேயே ஆறேழு சென்டிமீட்டர் மாறிவிடும். படகை விட்டுவிட்டுத் தன்னைத்தானே அளந்துகொண்டதாக முடியும். துறை மேடையிலிருந்தோ சிறு தோணியிலிருந்தோ பார்க்க வேண்டும்.

ஆளில்லாமல் ஒரு முறை, வழக்கமாக வரும் ஆட்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தபின் ஒரு முறை என்று இரண்டு அளவுகள் வேண்டும். முடிந்தால், படகு பாயில் ஓடும்போது வேறொரு படகிலிருந்து பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். வெறும் படகு மட்டமாக நின்று, ஆள் ஏறியபின்தான் பின்புறம் தாழ்கிறது என்றால் உங்களுக்கு உரியது முதல் வழி. ஆளில்லாமலேயே தாழ்ந்திருந்தால் இரண்டாவது வழியிலிருந்து தொடங்குங்கள்.

## வழி 1: ஆட்களை நகர்த்துவது

75 கிலோ எடையுள்ள மூவர் காக்பிட்டில், நடுப்புள்ளிக்கு 1.6 மீட்டர் பின்னால் உட்கார்ந்தால், திருப்புத்திறன் 360 கிலோகிராம்-மீட்டர். அதாவது 12 சென்டிமீட்டர். ஒரு டன் படகில் 225 கிலோ என்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். படகில் உள்ள வேறெந்தப் பொருளும் இதன் அருகில்கூட வருவதில்லை. ஒரே ஓர் ஆள் ஒரு மீட்டர் முன்னால் நகர்ந்தால் இரண்டரை சென்டிமீட்டர் கிடைக்கிறது. ஒரு காசு செலவில்லை, அடுத்த நொடியே பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

சென்னைத் துறைமுகத்தில் ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் பாய்மரப் படகை ஓட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 35 கிலோ எடையுள்ள அந்தப் படகில், ஓட்டும் பிள்ளையின் எடை பெரும்பாலும் படகின் எடைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் ஓட்டிய லேசர் ரேடியல் படகின் வெற்றுடல் எடையும் 59 கிலோதான். அங்கெல்லாம் உடம்புதான் அடிப்பாரம்; ஒரு சாண் முன்னே பின்னே நகர்ந்தால் படகின் நடையே மாறும். அதே ஆட்கள் அறை வைத்த படகுக்கு மாறியதும், மெத்தை போட்ட இருக்கையில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

ஆட்களை எங்கே வைப்பது என்பது காற்றைப் பொறுத்தது. மெல்லிய காற்றில் அறை வாசலை ஒட்டி, காற்று ஒதுங்கும் பக்கமாகச் சற்று இறங்கி உட்கார்ந்தால், பின்புறம் தண்ணீரிலிருந்து விடுபட்டு ஈரப்படும் பரப்பு குறையும். பாயும் தன் எடையாலேயே வடிவம் எடுத்துக்கொள்ளும். காற்றுக்கு எதிராக அலையில் ஏறும்போது எல்லோரும் நடுவில், தோளோடு தோளாக ஒட்டி உட்கார வேண்டும். ஒருவர் அணியத்திலும் ஒருவர் பின்பலகையிலுமாக இருந்தால் சமநிலை சரியாக இருந்தும் ஆட்டம் அதிகமாகும். பலத்த காற்றைப் பின்னால் வாங்கி ஓடும்போது மட்டும் எல்லோரும் பின்னால் வந்துவிட வேண்டும். வேறெந்த வழியாலும் ஒரே மணி நேரத்துக்குள் இந்த மூன்று தேவைகளையும் நிறைவேற்ற முடியாது.

இதற்கு விலை பணத்தில் இல்லை. சுக்கானைப் பிடித்திருப்பவர் நகர முடியாது. சுக்கான் கட்டையை நீட்டிப் பிடிக்க உதவும் நீட்டுப்பிடி ஒன்றைப் பொருத்தினால் அவருக்கும் அரை மீட்டர் கிடைக்கும், அவ்வளவே. அறைக்குள் இறங்கி உட்காரச் சொன்னால், அடிவானம் கண்ணில் படாமல் கால்மணி நேரத்தில் வாந்தி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தளத்தின் முன்பகுதிக்கு அனுப்பினால், பிடிமானம் குறைவு, பாயின் அடிக்கட்டை தலைக்கு நேராக வீசும். விருந்தாளியாக வந்தவர்களை எழுந்து முன்னால் போய் உட்காரச் சொல்வது ஏதோ பந்தியில் இலை மாற்றி உட்காரச் சொல்வதைப் போல நமக்கே கூச்சமாக இருக்கும். தனியாக ஓட்டுகிறவருக்கோ, நகர்த்துவதற்கு ஆளே இல்லை.

## வழி 2: நிலையான பொருள்களை நடுவுக்குக் கொண்டுவருவது

ஒன்டாரியோ ஏரியில் நான் வைத்திருந்த படகின் பின் லாக்கரை ஒருநாள் முழுதாகக் காலி செய்து, கிடைத்ததையெல்லாம் குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பாதி காய்ந்த இரண்டு பெயின்ட் டப்பாக்கள், ஈரம் குடித்த மூன்று கயிற்றுச் சுருள்கள், முந்தைய உரிமையாளர் விட்டுப்போன உதிரி நங்கூரம், துருவேறிய ஷேக்கிள்கள் (கயிற்றையும் சங்கிலியையும் மாட்டும் இரும்பு வளையங்கள்) நிறைந்த ஒரு பழைய காபி டின், மூடி இறுகிப்போன ஒரு கருவிப்பெட்டி. மொத்தம் 34 கிலோ. நடுப்புள்ளியிலிருந்து 2.3 மீட்டர் பின்னால் இருந்த இந்தக் குப்பை மட்டும் இரண்டரை சென்டிமீட்டருக்குமேல் என் படகின் பின்புறத்தை அழுத்திக்கொண்டிருந்தது. பாதியைக் கரையிலேயே விட்டேன், மீதியை அறைத் தரையடியில் வைத்தேன். இதற்கு ஆன செலவு ஒரு மாலைப்பொழுது.

அடுத்தது பேட்டரி. 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்று சுமார் 28 கிலோ இருக்கும். காக்பிட் லாக்கரிலிருந்து அதை எடுத்து, இரண்டரை மீட்டர் முன்னால், அறைப் படுக்கையின் கீழ் வைத்தால் 70 கிலோகிராம்-மீட்டர், அதாவது இரண்டே கால் சென்டிமீட்டர் கிடைக்கும். அதே கொள்ளளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12 கிலோ அளவில்தான் இருக்கும். ஆகவே மாற்ற வேண்டிய காலம் வந்தபின் அதை வாங்குவது நல்லது. சமநிலைக்காக மட்டும் நல்ல பேட்டரியைத் தூக்கி எறிவது வீண்.

குடிநீர் தொட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது பயணத்தின் நடுவே எடை மாறும் பொருள். பல படகுகளில் தொட்டி அணியத்துப் படுக்கைக்குக் கீழே இருக்கிறது. நடுவிலிருந்து இரண்டு மீட்டர் முன்னால் 60 லிட்டர் நிரப்பினால் நான்கு சென்டிமீட்டர் அணியம் தாழும்; மூன்றாம் நாள் தொட்டி காலியானதும் அந்த நான்கு சென்டிமீட்டரும் போய்விடும். நிரம்பிய தொட்டியை வைத்துச் சமநிலையைச் சரிபார்த்தவர், திரும்பி வரும்போது வேறொரு படகை ஓட்டுகிறார். தண்ணீரை நடுவில் வைத்தால் நிரம்பியிருந்தாலும் காலியானாலும் படகு முன்பின் மாறாமல் நிற்கும்.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. பேட்டரியை நகர்த்தினால் மின்கம்பி நீளும். நீண்ட கம்பியில் மின்னழுத்தம் குறையாமல் இருக்கத் தடித்த கம்பி வேண்டும். பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வேண்டும். ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது வாயு வெளிவிடும், ஆகவே காற்றோட்டமும் வேண்டும். எதை நகர்த்தினாலும், படகு தலைகீழாகத் தொங்கினாலும் விழாத அளவுக்குப் பட்டை போட்டுக் கட்ட வேண்டும். இடம் வலம் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே பக்கப் படுக்கையின் கீழ் அடுக்கினால், முன்பின் சாய்வை ஒழித்துப் பக்கச் சாய்வை வரவழைத்துக்கொள்வீர்கள். தாழ்வான இடத்தில் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

பெட்ரோல் டாங்க் மட்டும் எங்கிருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. அறைக்குள் கசிந்தால் அடித்தளத்தில் தேங்கி, ஒரு சுவிட்சைப் போட்டால் வரும் பொறிக்காகக் காத்திருக்கும். பத்து கிலோ டாங்கை நகர்த்திக் கிடைக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு அந்த ஆபத்து தகாது.

## வழி 3: அணியத்தில் எதிர்பாரம் ஏற்றுவது

துறைகளில் அதிகம் கேட்கும் அறிவுரை இதுதான். முதல் கோடையில் நான் செய்ததும் இதுதான். பதினைந்து லிட்டர் தண்ணீர்க் கேன்கள் நான்கை அணியத்துப் படுக்கையின் முன்கோடியில் அடுக்கினேன். நடுப்புள்ளியிலிருந்து 2.3 மீட்டரில் 60 கிலோ. கணக்குப்படி நாலரை சென்டிமீட்டர். துறையில் படகு அளவெடுத்துத் தைத்ததுபோல் மட்டமாக நின்றது. மறுவாரம் எதிர்க்காற்றில், நெருக்கமான குட்டை அலைகளுக்குள் போனபோதுதான் விலை தெரிந்தது. அணியம் ஒவ்வோர் அலையிலும் ஏறச் சோம்பி, பின் தடாலென்று விழுந்தது. வேகம் எடுப்பதற்குள் அடுத்த அலை நிறுத்தியது. இரண்டாவது திருப்பத்தில் ஒரு கேன் கட்டை அவிழ்த்துக்கொண்டு மறுபக்கச் சுவரில் மோதி, மூடி திறந்து, மெத்தை முழுவதையும் நனைத்தது.

காரணம் எளியது. மோட்டார் ஏற்கெனவே பின்கோடியில் தொங்குகிறது. அதற்கு எதிராக முன்கோடியில் எடை வைத்தால் திருப்புத்திறன்கள் ஒன்றையொன்று அடித்துவிடும். தூரத்தின் வர்க்கத்தால் வரும் நிலைமத் திருப்புத்திறனில் முன், பின் என்ற வேறுபாடு கிடையாது, இரண்டும் கூடிக்கொண்டே போகும். கிலோவைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், 40 கிலோ மோட்டார் 3.3 மீட்டரில் தருவது சுமார் 435. நான் வைத்த கேன்கள் சேர்த்தது இன்னும் 317. நடுவுக்கு அருகில் வைத்தால் ஆட்டம் கூடாது, ஆனால் அதே சென்டிமீட்டருக்குப் பல மடங்கு எடை வேண்டும். படகு அத்தனையும் அமிழும். டிரெய்லரில் இழுத்துச் செல்கிறவர்கள் அந்த எடையையும் சாலையில் இழுக்க வேண்டும்.

அப்படியானால் இந்த வழிக்கு இடமே இல்லையா? இருக்கிறது. தனியாக ஓட்டுகிறவர், அமைதியான ஏரியில், மெல்லிய காற்றில் போகும் நாள்களில், தண்ணீர் நிரப்பிய பைகளை முன்னால் கட்டி வைக்கலாம்; காற்று ஏறினால் தண்ணீரை வடித்துவிடலாம். மணலையோ ஈயத்தையோ அப்படி விட முடியாது. நங்கூரமும் சங்கிலியும் எப்படியும் படகில் இருக்க வேண்டியவை. 8 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ, பத்து மீட்டர் சங்கிலியும் ஆறு கிலோ நங்கூரமும் பின் லாக்கரில் கிடந்தால், அவற்றை அணியத்துப் பெட்டிக்கு மாற்றுவதே மூன்றரை சென்டிமீட்டர் தரும். அது எதிர்பாரம் அல்ல, உரிய இடத்துக்குத் திரும்புவது. புதிதாக ஒரு கிலோவும் ஏறுவதில்லை. நீண்ட சங்கிலி வைத்திருப்பவர்கள் மட்டும், நங்கூரமிடப் போகாத நாள்களில் அதைப் பாய்மரத்தடிக்கு இழுத்து வைத்துக்கொள்ளலாம்.

## வழி 4: மோட்டாரை மாற்றுவது

செலவு மிக அதிகம், பலன் நினைப்பதைவிடக் குறைவு. 9.9 குதிரைத்திறன் நான்கு-ஸ்ட்ரோக் மோட்டார் சுமார் 40 கிலோ. 6 குதிரைத்திறன் மோட்டார் சுமார் 27 கிலோ. 13 கிலோ குறைந்தால் 43 கிலோகிராம்-மீட்டர். ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. பேட்டரியோடு சேர்த்து இருபது கிலோவுக்குள் அடங்கும் சிறிய மின்மோட்டார் வாங்கினால் இன்னும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே கிடைக்கும். ஒரு டன் படகைப் பலத்த எதிர்க்காற்றில் துறைக்குள் கொண்டுவரும் திறனை அந்த இரண்டு சென்டிமீட்டருக்காகக் குறைத்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. வேறு காரணத்துக்காக எப்படியும் மோட்டார் வாங்கப்போகிறீர்கள் என்றால், 6 போதுமான படகுக்கு 9.9 வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

பணம் செலவழிக்காமல் பலன் பெற ஒரு வழியும் உண்டு. நெடுநேரம் பாயில் மட்டும் ஓடும் நாளில், சிறிய மோட்டாரைக் கழற்றி அறைத் தரையில் கிடத்திவிடலாம். 27 கிலோ மோட்டாரில் மூன்று சென்டிமீட்டர் கிடைக்கும். ஆனால் ஆடும் படகின் பின்பலகைக்கு வெளியே குனிந்து அதைத் தூக்குவது இடுப்புக்கு நல்லதல்ல, அறைக்குள் பெட்ரோல் வாடையும் ஆவியும் சேரும், காற்று திடீரென நின்று கப்பல் தடத்தில் மாட்டிக்கொண்டால் திரும்ப மாட்டுவதற்குள் நேரம் போய்விடும். கப்பல் நடமாட்டமுள்ள நீரில் இதைச் செய்யக் கூடாது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | ஆட்கள் | நிலையான பொருள்கள் | அணியத்தில் எதிர்பாரம் | மோட்டார் மாற்றம் |
|---|---|---|---|---|
| கிடைக்கும் மாற்றம் | ஓர் ஆள் ஒரு மீட்டருக்கு 2.5 செ.மீ. | எல்லாம் சேர்த்து 4 முதல் 8 செ.மீ. | 60 கிலோவுக்கு 4.5 செ.மீ. | 1 முதல் 2.5 செ.மீ. |
| காற்றுக்கு ஏற்ப மாற்ற | நொடியில் | முடியாது | தண்ணீரானால் மட்டும் | முடியாது |
| அலையில் ஆட்டம் | நடுவில் சேர்ந்தால் குறையும் | குறையும் | கூடும் | சற்றுக் குறையும் |
| பாதுகாப்பு | முன்தளத்தில் கவனம் | கட்டுவது, மின்கம்பி | கட்டு அவிழ்தல், அணியம் தாழ்தல் | இழுவைத்திறன் குறைதல் |
| செலவு | இல்லை | குறைவு | மிகக் குறைவு | மிக அதிகம் |

## யாருக்கு எது

குடும்பத்தோடும் நண்பர்களோடும் மூன்று நான்கு பேராகப் போகிறவர்களுக்குப் பின்புறம் தாழ்வதன் காரணம் அந்த மூன்று நான்கு பேர்தான். அவர்கள் வழி 2-ஐ ஒருமுறை செய்து முடித்துவிட்டு, மீதியை வழி 1-க்கு விட்டுவிடலாம். அறை வாசலின் இரு பக்கமும் நல்ல மெத்தையும் முதுகுச் சாய்வும் போட்டு வைத்தால், யாரையும் முன்னால் போகச் சொல்ல வேண்டியிராது. அவர்களே அங்கே போய் உட்கார்ந்துகொள்வார்கள். கெஞ்சிக் கேட்டு நடக்காததை மெத்தை நடத்திவைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தனியாக ஓட்டுகிறவர்களுக்கு வழி 2 கட்டாயம், நீட்டுப்பிடியும் கட்டாயம். அதன் பிறகும் மெல்லிய காற்றில் பின்பலகை களகளத்தால், காலி செய்யக்கூடிய தண்ணீர்ப் பை ஒன்றோ இரண்டோ சரிதான். பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள், உள்ளே கிடக்கும் பொருளை நகர்த்துவது தங்கள் படகு வகைக்கான பந்தய விதிகளில் எந்த அளவுக்கு அனுமதிக்கப்படுகிறது என்று பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும். ஆட்களை நகர்த்துவதில்தான் அவர்களுக்குக் கூடுதல் சுதந்திரம்.

பல நாள் பயணம் போகிறவர்களுக்கு வெற்றுப் படகின் சமநிலை பயன்படாது. பத்து நாள் உணவும் தண்ணீரும் துணிமணியும் ஏற்றிய படகை ஒருமுறை அளந்து, கனமான டப்பா உணவுகளையெல்லாம் பாய்மரத்தடியில் அடுக்கி, அரிசி மூட்டை முதல் கடைசி வரை எது முதலில் தீரும் என்று பார்த்து வைக்க வேண்டும். தீர்ந்துபோகும் பொருள் நடுவில், தீராத பொருள் அதற்கு இரு பக்கமும் என்பது எனக்குக் கைகொடுத்த ஏற்பாடு.

எந்த வழியில் போனாலும், முடிந்தபின் மோட்டாரைத் தண்ணீரில் இறக்கி ஒருமுறை பாருங்கள். பின்புறம் ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்தால், விசிறியும் அத்தனை உயர்ந்து நீர்மட்டத்துக்கு நெருங்கியிருக்கும். அலையில் அது காற்றை வாரி உறுமத் தொடங்கினால் மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட்டை ஒரு பல் கீழே இறக்க வேண்டும்.

ஐந்தாவதாக ஒரு வழியும் துறைகளில் உண்டு: பின்புறத்தில் பாசி பிடிக்கும் இடம் வரைக்கும் நீர்க்கோட்டுப் பட்டையைச் சற்று உயர்த்திப் பூசிவிடுவது. பார்வைக்குப் படகு உடனே மட்டமாகிவிடும். பாசியைத் தேய்த்துத் தேய்த்துச் சலித்தவர்கள் தாராளமாகச் செய்யலாம். வடிகால் துளை வழியாக வரும் தண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.